வலையும் வளைகோடும்

மட்டக்களப்பு நகரை விட்டு ஏறாவூரை நோக்கிச் செல்லும் பெருவீதியில் உள்ளது தன்னாமுனை. ஒரு பக்கம் வாவி. மறு பக்கம் சிறிது தூரம் நடந்தால் சவுக்கடிக் கடல். சென்ற விடுமுறையில் அவ்வூரில் உறவினர் ஒருவர் இல்லத்தில் சில நாட்கள் தங்கினோம். வீட்டுக்காரர் வாவியிலும் கடலிலும் தொழில் செய்பவர். அவர் மகள் பதினோராம் வகுப்பு மாணவி, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையை எதிர்நோக்கியிருந்தாள்.

ஒரு மாலை, தந்தை திண்ணையிலிருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். மகள் பக்கத்தில் வரைபுத்தாளை விரித்துவைத்து, ஒரு வளைகோட்டைக் கீறுவதும் அழிப்பதுமாக இருந்தாள். நாம் விசாரித்தபோது, "வரைபுக் கணக்கை விட்டுவிடப் போறன் மாமா. சூத்திரம் தெரிஞ்சாப் போதும், இது நேரத்தைத் தின்னுற வேலை எண்டு வகுப்பில சொல்லுறாங்க" என்றாள். அவள் குறிப்பிட்டது மாலை நேரக் கட்டண வகுப்பொன்றை. பெயர் நமக்கு வேண்டாம்.

இவ்வார்த்தை எமக்குச் சஞ்சலத்தைத் தந்தது. சாதாரண தரக் கணித இரண்டாம் வினாத்தாளில் இருபடிச் சார்பின் வரைபு பற்றிய வினா பழகிய விருந்தாளி போன்றது. அதற்குரிய புள்ளிகள் பத்து. கணிதத்தில் சித்தியின் எல்லைக் கோட்டில் நின்று தத்தளிக்கும் பிள்ளைக்குப் பத்துப் புள்ளி சிறு தொகையன்று. அதனினும் பெரிதொன்று உண்டு. சூத்திரம் விடையைத் தரும். அவ்விடை எதன் விடை என்பதைக் காட்டுவது வரைபே.

தாளை வாங்கிப் பார்த்தோம். கணக்கு இது: ய² − 3ய − 2 = 0. (வகுப்பிலே பிள்ளைகள் ஆங்கில எழுத்துகளை வழங்குவர். இப்பத்தியில் அறியாத கணியத்தை 'ய' என்றும், அதற்கேற்ப மாறும் பெறுமானத்தை 'ர' என்றும் குறிப்போம்.) ர = ய² − 3ய − 2 எனக் கொண்டு, ய இற்கு −1 முதல் 4 வரை பெறுமானங்களை இட்டிருந்தாள். கிடைத்த ர பெறுமானங்கள் முறையே 2, −2, −4, −4, −2, 2. பிழை ஒன்றும் இல்லை. −1 இன் வர்க்கத்தை −1 என எழுதும் பிள்ளைகள் எத்தனையோ பேர். இவள் அப்படுகுழியில் விழவில்லை. புள்ளிகளும் உரிய இடங்களிற் குறிக்கப்பட்டிருந்தன. ஆயினும் ய = 1 இற்கும் ய = 2 இற்கும் நடுவே அடிமட்டத்தை வைத்து நேர்கோடு ஒன்றை இழுத்திருந்தாள்.

தந்தை வலையிலிருந்து தலையை நிமிர்த்தி எட்டிப் பார்த்தார்.

"இதென்ன மகள், தோணிக்கு அடிப்பலகை வச்ச மாதிரி அடி தட்டையாக் கிடக்கு?"

"ஒண்டுக்கும் ரெண்டுக்கும் ஒரே எண்தானே அப்பா வருது. அதுதான் கோடு கீறினன்."

"அப்ப நடுவில என்ன வருமெண்டு பாத்தியா?"

பாடசாலையை இளமையிலேயே விட்டுவிட்ட ஒருவர் கேட்ட இக்கேள்வி, பரீட்சகர் கேட்கும் கேள்வியே என்பதைக் கூறத்தான் வேண்டும். அவள் ய = 1½ எனப் பிரதியிட்டாள். 2.25 − 4.5 − 2, விடை −4.25. தட்டையென நினைத்த இடம் தட்டையன்று. மேலும் கால் அலகு கீழே இறங்கித் திரும்புகின்றது. அதுவே திரும்பற் புள்ளி. அதனூடாக நிலைக்குத்தாகச் செல்லும் கோடு சமச்சீர் அச்சு. அக்கோட்டில் தாளை மடித்தால் வளைகோட்டின் ஒரு புயம் மற்றப் புயத்தின்மீது பொருந்திவிடும். அட்டவணையில் −4, −4 என ஒரே எண் அடுத்தடுத்து வருமாயின், திரும்பற் புள்ளி அவ்விரண்டிற்கும் நடுவே ஒளித்திருக்கின்றது என்பதற்கு அது அடையாளம். இதனை மாணவச் செல்வங்கள் மனத்திற் பதித்துக்கொள்வார்களாக. அடிமட்டத்தை மேசைக்குள் வைத்துவிட்டு, கையை ஒரே வீச்சில் ஓடவிட்டே இவ்வளைகோட்டைக் கீறுதல் வேண்டும்.

இனித் தீர்வுக்கு வருவோம். ய² − 3ய − 2 பூச்சியமாவது எங்கே என்பதே வினா. ர பூச்சியமாகும் இடம் கிடையச்சு. ஆகவே வளைகோடு கிடையச்சை வெட்டும் இடங்களே மூலங்கள். அவள் புதிதாய்க் கீறிய வளைகோடு −0.6 இற்குச் சற்று வலப்புறத்திலும், 3.6 இற்குச் சற்று இடப்புறத்திலும் வெட்டியது. நுணுகி வாசித்து −0.56, 3.56 என எழுதினாள். சூத்திரத்தால் வருவதும் அதுவே: 3 உடன் 17 இன் வர்க்கமூலத்தைக் கூட்டியும் கழித்தும் இரண்டால் வகுக்க வேண்டும். இதைத் திருப்பிப் பிடித்தால் வேறொரு பயனும் உண்டு. 3.56 ஐ இரட்டித்து 3 ஐக் கழித்தால் 4.12, கணிப்பான் இன்றியே 17 இன் வர்க்கமூலம் கையில் வந்துவிட்டது! பரீட்சையில் இவ்வாறு கேட்பதுண்டு. கேட்கும்போது மலைத்து நிற்பவர்கள், வரைபை வெறும் படமென எண்ணியவர்களே.

இவ்விடத்தே சிறிது வழிவிலகிப் பழங்கதை பேச வாசகர் இடந்தர வேண்டும். இருபடிச் சமன்பாடு புதியதன்று. பிரமகுப்தர் கி.பி. 628இல் இயற்றிய நூலில் அதனைத் தீர்க்கும் விதி உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரிலிருந்த அல்-குவாரிஸ்மி, சதுரங்களையும் செவ்வகங்களையும் வரைந்து அதன் நியாயத்தை விளக்கினார். உமர் கயாம் எனும் பாரசீகரை நாம் கவிஞராகவே அறிவோம். அவரோ முப்படிச் சமன்பாடுகளை, வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டும் புள்ளிகளைக் கொண்டு தீர்த்த பெருங்கணிதர். சமன்பாட்டையும் கோட்டையும் நிரந்தரமாக மணம் முடித்துவைத்தது 1637இல் வெளிவந்த டேக்காட்டின் நூல். எனினும் வரைபுத்தாள் பள்ளிப் பிள்ளையின் கைக்கு வரப் பின்னும் நெடுங்காலம் சென்றது. 1901இல் கிளாஸ்கோ நகரிற் கூடிய பிரித்தானிய அறிவியற் சங்க மாநாட்டில் ஜோன் பெரி என்னும் பொறியியற் பேராசிரியர், பிள்ளைகளுக்குக் கணிதத்தைக் கையால் அளந்தும் கட்டத்தாளில் வரைந்தும் கற்பிக்க வேண்டுமென வாதாடினார். அதன் பின்னரே வரைபு வகுப்பறைகளில் வேகமாகப் பரவியது.

நமது மொழியிலும் இக்கணிதத்திற்கு வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்துக் கரோல் விசுவநாதபிள்ளை 1855இலேயே 'வீசகணிதம்' என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர் இவர், மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. கிழக்கு மாகாணத்தவராகிய நமக்கோ விபுலாநந்த அடிகளின் நினைவு வாராதிராது. காரைதீவிற் பிறந்து, மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிற் பயின்று, இலண்டன் விஞ்ஞானப் பட்டம் பெற்று, விஞ்ஞான ஆசிரியராய் விளங்கிய அடிகளே, 1938இல் சென்னையில் வெளிவந்த கலைச்சொற்றொகுதி முயற்சிக்குத் தலைமை தாங்கினார். இசைத் துறைக்குரிய 'யாழ் நூல்' கூடக் கணக்கின் துணைகொண்டே நடப்பது. பின்னர் இலங்கை அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகளும் வந்து சேர்ந்தன. இன்று தன்னாமுனைச் சிறுமி 'திரும்பற் புள்ளி' என்றும் 'சமச்சீர் அச்சு' என்றும் நாக்குத் தடுமாறாமற் சொல்கிறாள். நாம் 'பரவளைவு' என்பதைத் தமிழகத்தார் 'பரவளையம்' என்பர். சிறு வேறுபாடு, கோடு ஒன்றே.

திண்ணைக்குத் திரும்புவோம். அவள் தாளைச் சுருட்டப் போகையில், தந்தை தம் காரியத்தைச் சொன்னார். தொழிலுக்கு உதவாத பழைய வலையில் நல்ல பகுதியாக 24 மீற்றர் நீளம் வெட்டி வைத்திருந்தார். வளவின் பின்மதிலோடு சேர்த்து மூன்று பக்கமும் அவ்வலையை அடைத்து, உள்ளே கத்தரியும் மிளகாயும் பயற்றையும் வைப்பது எண்ணம். அயலவர் ஆடுகளுக்கு வேலி இல்லாத தோட்டம் விருந்துச் சாலையல்லவா! மதிலின் நீளம் 18 மீற்றர். "எண்பது சதுர மீற்றர் வந்தால் எண்ணின கண்டெல்லாம் வைக்கலாம்" என்றார்.

நாம் வாய் திறக்கவில்லை. அவளே தொடங்கினாள். மதிலிலிருந்து வெளியே நீளும் பக்கம் ய மீற்றர். அத்தகைய பக்கம் இரண்டு. எஞ்சிய வலை 24 − 2ய. அது மதிலுக்கு எதிர்ப்பக்கம். பரப்பு ர = ய(24 − 2ய). ய இற்கு 2, 4, 6, 8, 10 என இட, பரப்பு 40, 64, 72, 64, 40 என வந்தது. இம்முறை வளைகோடு கவிழ்த்த தோணிபோல் எழுந்து இறங்கிற்று. ய² இன் குணகம் மறையாயிருப்பின் இவ்வாறே கவிழும்.

தாளில் ர = 64 எனும் உயரத்திற் கிடைக்கோடு ஒன்றை வரைந்தாள். அது வளைகோட்டை இரண்டு இடங்களில் வெட்டியது: ய = 4, ய = 8. இரண்டும் மெய்யான தோட்டங்கள். ஒன்று 4 மீற்றருக்கு 16 மீற்றர். மற்றது 8 இற்கு 8, சரிசதுரம். 'இரு மூலங்கள்' என்று புத்தகத்திற் படிக்கும்போது, இரண்டாவது மூலம் கணக்கைக் குழப்ப வந்த வேண்டா விருந்தாளி எனப் பிள்ளைகள் கருதுவதுண்டு. இங்கே அது தந்தையின் விருப்பத்திற்கு விட்ட மற்றொரு தோட்டம். கோட்டை 60 இற்கு இறக்கினால், 3.55 இலும் 8.45 இலும் வெட்டும். 72 இற்கு உயர்த்தினால் உச்சியை மட்டும் தொடும்; ய = 6 என்னும் ஒரே விடை. 80 இற்கு உயர்த்தினாள். கோடு வளைகோட்டுக்கு மேலே, ஆகாயத்திற் செல்லும் கொக்கைப் போல, எதையுந் தொடாமற் சென்றது.

"எண்பது வராது அப்பா."

"நல்லாப் பார் மகள்."

"எப்படிப் பாத்தாலும் வராது. எழுபத்திரண்டுதான் உச்சம்."

சூத்திரம் மட்டும் தெரிந்த பிள்ளை இவ்விடத்தில் என்ன செய்திருக்கும்? மறை எண்ணின் வர்க்கமூலத்தைக் கண்டு, எங்கோ கூட்டலிற் பிழை விட்டோமென மயங்கி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியிருக்கும். வரைபோ 'இல்லை' என்பதையும், எவ்வளவால் இல்லை என்பதையும் காட்டிவிட்டது. குறை 8 சதுர மீற்றர்.

அதே வரைபு இன்னொன்றும் சொல்லிற்று. உச்சிக்கு அண்மையில் வளைகோடு ஏறத்தாழப் படுத்திருக்கின்றது. ய ஐ 6 என வைக்காது 5½ என வைத்தாலும் 6½ என வைத்தாலும் பரப்பு 71.5, அரை மீற்றர் தவறினால் நட்டம் அரைச் சதுர மீற்றரே. ஆனால் ஓரத்தில், 2 இலிருந்து 2½ இற்குச் சென்றால் 40 என்பது 47.5 ஆகிவிடும், அதே அரை மீற்றருக்கு ஏழரைச் சதுர மீற்றர் வேறுபாடு. கம்பு நடுபவருக்கு இது உதவும் செய்தி. உச்சியில் நாடா பிடித்து மில்லிமீற்றர் பார்த்து வியர்க்க வேண்டியதில்லை. வரைபு வாசிப்பவருக்கு இதுவே எச்சரிக்கையுமாகும்: கிடைக்கோடு உச்சியை ஒட்டிச் செல்லும்போது, வெட்டும் புள்ளி எதுவெனக் கண்ணால் துணிவது கடினம். அவ்வேளையில் வரைபை நம்பி இரண்டு தசமதானம் எழுதுவது துணிச்சல். சூத்திரத்தை அழைத்துச் சரிபார்த்தலே முறை.

இங்கே மாணவர்க்கு ஓர் உபாயம் கூறுவோம். ஒவ்வொரு கணக்கிற்கும் புதுப் பரவளைவு கீறுவது அலுப்பாயின், ஒரே ஒரு பரவளைவைத் தடித்த அட்டையில் அழகாகக் கீறி வைத்துக்கொள்ளுங்கள். அது ர = ய²; ய −4 இலிருந்து 4 வரை. கிடையாக ஓர் அலகிற்கு 2 சென்ரிமீற்றரும் நிலைக்குத்தாக ஓர் அலகிற்கு 1 சென்ரிமீற்றரும் எடுத்தால் அட்டை கைக்கடக்கமாயிருக்கும். கீழே சில அலகுகள் இடம் விடுக. இனி ஒரு நூல் போதும். ய² − 3ய − 2 = 0 என்பதை ய² = 3ய + 2 எனப் பிரித்தெழுதுக. இடப்பக்கம் அட்டையில் உள்ள வளைகோடு. வலப்பக்கம் ஒரு நேர்கோடு. ய = 0 எனில் அதன் உயரம் 2; ய = 2 எனில் 8. அவ்விரு புள்ளிகளுக்கும் மேலாக நூலை இழுத்துப் பிடித்தால், அது வளைகோட்டை வெட்டும் இடங்களின் ய பெறுமானங்களே விடை. முன்னர் கண்ட −0.56 உம் 3.56 உம் தாமாக வந்து நிற்கும்.

ய² − ய − 6 = 0 என்பதற்கு நூலை உயரம் 6 இலிருந்து, ய = 4 இல் உயரம் 10 வரை இழுக்க; −2 இலும் 3 இலும் வெட்டும். ய² − 2ய + 1 = 0 இற்கு நூல் ய = 1 இல் வளைகோட்டைத் தொட்டுச் செல்லும். ய² − ய + 3 = 0 இற்கு நூல் கீழேயே கிடக்கும்; வளைகோடு அதைத் திரும்பியும் பாராது. ய² இற்கு முன் 2 அல்லது 3 இருந்தால், சமன்பாடு முழுவதையும் முதலில் அவ்வெண்ணால் வகுத்துக்கொள்க. வீட்டில் தம்பி தங்கையர் நூலைப் பிடிக்க, அக்கா விடை வாசிக்கலாம், விளையாட்டுமாகும். ஆனால் பரீட்சையில் கேட்ட வரைபையே கீற வேண்டும். அங்கே நூலைக் கொண்டு போய்விட வேண்டாம்!

தன்னாமுனையில் நூலுக்குப் பஞ்சமில்லை. வலை பொத்தும் நூலையே எடுத்து அவள் இவ்வுபாயத்தைச் செய்துகொண்டிருந்தபோது, தந்தை நெடுநேரம் பேசாதிருந்தார். எண்பது வராது என்ற தீர்ப்பு அவருக்கு உள்ளூரப் பொருந்தவில்லை. பின்னர் மெல்லக் கேட்டார்:

"மகள், நீ மூலை வச்சுத்தானே கணக்குப் பாத்தாய்?"

"ஓம் அப்பா. நீள்சதுரம்."

"சவுக்கடியில கரைவலை வளைக்கிற மாதிரி வளைச்சா என்ன? வலைக்கு மூலை எதுக்கு?"

அவள் நம்மைப் பார்த்தாள்; நாம் அவளைப் பார்த்தோம். கரைவலையின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டு, தோணி கடலில் வளைந்து சென்று, மறு தலைப்பைக் கரைக்குக் கொண்டுவரும் காட்சியைப் பிறந்த நாள் முதல் கண்டவள் அவள். கிடுகு வேலியாயின் வளைப்பது சிரமம். வலையோ வளையப் பிறந்தது. அரைவட்டத்தின் வில் 24 மீற்றர் எனில் ஆரை எவ்வளவு? 24 ஐ 22/7 ஆல் வகுத்தாள்: ஏறத்தாழ 7.64. பரப்பு, வில்லின் நீளத்தையும் ஆரையையும் பெருக்கியதிற் பாதி. 12 × 7.64, கணிப்பான் 91.68 எனக் காட்டிற்று. எண்பதைத் தாண்டிப் பதினொன்று மிகுதி!

அவள் வரைபில் பிழை இல்லை. அது நீள்சதுரத்தின் வரைபு. நீள்சதுரத்திற்கு எழுபத்திரண்டே உச்சம். சமன்பாட்டை எழுதிய கணத்தில் மூலைகளையும் நாமே எழுதிவிட்டோம் என்பது, வலை பொத்துபவர் கேட்கும் வரை அங்கிருந்த எவர்க்கும் தோன்றவில்லை. கணக்குப் பத்தி எழுதும் நமக்குந்தான்.

அரைவட்டத்திற்கு மதிலோரம் வேண்டிய நீளம் ஆரையின் இருமடங்கு, 15.28 மீற்றர். மதில் 18 மீற்றர், இடம் உண்டு. பொழுது சாய்வதற்குள் தந்தையும் மகளும் வளவின் பின்புறம் சென்றார்கள். மதிலின் நடுவே ஒரு முளை அடித்து, அதில் 7.64 மீற்றர்க் கயிற்றைக் கட்டி, மறு தலைப்பிற் கம்பைப் பிடித்து மண்ணில் வளைவு கீறினாள் அவள். அவர் அடிக்கு அடி கம்பு நட்டார். வரைபு வினாவைப் பரீட்சையில் விடப்போவதாக அன்றிரவு அவள் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

வாசகச் சிறுவர் சிறுமியர்க்கு ஒரு கணக்கு விட்டுச் செல்கிறோம். அதே 24 மீற்றர் வலை. இம்முறை தோட்டம், இரண்டு நீண்ட மதில்கள் செங்கோணத்திற் சந்திக்கும் மூலையில். ஆகவே வலை அடைக்க வேண்டியவை இரண்டு பக்கங்களே. நீள்சதுரமாக அடைத்தால் 150 சதுர மீற்றர் பெறலாமா? வரைபு கீறிச் சொல்லுங்கள். பெற இயலாதெனக் கண்டால், வலையை வளைத்துப் பாருங்கள். விடை அடுத்த ஞாயிறு.